சொல்லக் கூடாத பெயர்

அடிலெய்டு மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் குமஞ்சாயி காலை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். கூட அவள் பெரியம்மா மார்லீன். பாலைவனத்திலிருந்து இரண்டு விமானம் மாறி வந்த களைப்பு இருவருக்கும்.

குமஞ்சாயி என்பது பிறந்தபோது வைத்த பெயர் இல்லை. பெரியம்மா மகளுக்கும் அவளுக்கும் ஒரே பெயர். அந்த அக்கா மூன்று மாதம் முன்பு செத்துப்போனாள். செத்தவர் பெயரை ஆஸ்திரேலியப் பழங்குடிகளான எங்கள் ஜனம் வாயால் சொல்வதில்லை. அதே பெயர்க்காரர்கள் எல்லோரும் அன்றிலிருந்து குமஞ்சாயிதான். நானும் அதை இங்கே சொல்லப்போவதில்லை.

அக்காவைக் கொன்றதும் இதே வியாதி. குமஞ்சாயிக்கும் சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதய வால்வைத் தின்றுவிட்டது. ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு ரத்தம் பின்னால் கசிகிறது என்று இந்த எம்.ஆர்.ஐ. அளந்து சொல்லும். அது தெரிந்தால்தான் ஆபரேஷனுக்குத் தேதி.

"உள்ள மூச்சை அடக்கச் சொல்வாங்களாம், பெரியம்மா."

"வாயையே அடக்கத் தெரியாது உனக்கு, மூச்சை எங்க அடக்கப்போற," என்றாள் மார்லீன். இருவரும் சிரித்தார்கள்.

அப்போது ஒரு நர்ஸ் தாளைப் பார்த்து அந்தப் பெயரைக் கூப்பிட்டாள்.

மார்லீன் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மகளைப் புதைத்தவள் பக்கத்தில் இருந்துகொண்டு அந்தப் பெயருக்கு எப்படி எழுந்து நிற்பது? பிறகு மெல்லப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று குமஞ்சாயி தரையைப் பார்த்தபடி இருந்தாள். நர்ஸ் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு உள்ளே போனாள்.

குமஞ்சாயி கவுண்டரில் போய், ஸ்கேனுக்கு வரச்சொன்ன கடிதத்தை நீட்டினாள்.

"மூணு தடவை கூப்பிட்டாச்சே. வரலைன்னு போட்டுட்டாங்க," என்றாள் அங்கிருந்தவள். "சரி, பேரை நீங்களே வாயால சொல்லுங்க. ஆள் மாறிடக் கூடாதுல்ல, அதான் விதி."

குமஞ்சாயிக்கு வாய் வரவில்லை. பாழாய்ப்போன விதி. பின்னால் வந்து நின்ற மார்லீன், புதைத்த நாளிலிருந்து சொல்லாத அந்தப் பெயரை உரக்கச் சொன்னாள். குமஞ்சாயி அழுதுவிட்டாள்.

"சரிதாங்க. ஆனா உங்க நேரத்துல வேற ஆளை உள்ள விட்டாச்சு. இனிமே அடுத்த வருஷம் பிப்ரவரிதான்."

"என் பொண்ணுக்கும் இப்படித்தான் தேதி குடுத்தீங்க," என்றாள் மார்லீன். "அது வர்றதுக்குள்ள அவளைப் புதைச்சிட்டோம்."

கவுண்டர்க்காரி கீபோர்டில் விரலை வைத்தாள்.

"அவங்க பேர் என்னம்மா?"