திட்டித் திட்டிக் கறுத்த வீடு

அந்தத் தெருவின் கடைசி வீட்டுச் சுவர்கள் மாமியார் திட்டித் திட்டியே கறுத்துப்போனவை. அவள் மனதாரக் கோபப்பட்டு 'ஸிஃப்த்' என்று சொல்லும்போதெல்லாம், யாரைச் சொன்னாளோ அவருக்குப் பின்னாலிருக்கும் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குத் தார் அரும்பி வழியும், கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும். சும்மா வாய் வார்த்தையாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது. எதிர்வீட்டுக்காரி தன் வீட்டில் சொல்லிச் சொல்லிப் பார்த்துத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

சொல்லைக் கொண்டுவந்தவர் மாமனார். துறைமுகத்தில் பீப்பாய் உருட்டியவர். கப்பலின் அடிப்பலகைக்கும் தண்ணீர்ச் சாடிக்கும் பூசுகிற தாரை அரபு மாலுமிகள் அப்படித்தான் சொன்னார்கள். அவர்களுக்கே அது சொந்தச் சொல் இல்லையாம், அதற்கும் முந்திய மொழிக்காரர்களிடம் வாங்கியதாம். சோறு கெட்டாலும், காற்று ஏமாற்றினாலும், முதலாளி கூலியைப் பிடித்தாலும் அவர்கள் வாயில் அதே சொல்தான் வரும்: உருப்படாதது, விளங்காதது. மாமனார் இரண்டு அர்த்தத்தையும் வீட்டுக்குத் தூக்கி வந்தார். மனைவிக்குப் பிடித்தது இரண்டாவது. முதலாவது தானாகக் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

மருமகள் வந்தபோது முன்னறை முழுக்கக் கறுப்பு. வாசற்கதவு தபால்காரரால் கறுத்தது, சமையலறை மகனால். மீதியிருந்த இடங்களை மருமகள் பூர்த்தி செய்தாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தார் சொட்டினால் மண்ணெண்ணெய்த் துணியால் தரையைத் துடைத்துவிட்டுப் போய்விடுவாள். பின்னறை மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாகவே இருந்தது. மாமனார் வருடக்கணக்கில் படுத்துக் கிடந்து போய்ச்சேர்ந்த அறை அது. அங்கே மாமியார் குரல் உயர்த்தியதே இல்லை. பிறகு அங்கேதான் தொட்டில் கட்டினார்கள்.

மகன் கப்பலில் இருந்த ஒரு மழைக்காலத்தில், நண்பகல் சமயம், மேலே அணை உடைந்து ஆறு தெருவுக்குள் வந்தது. ஓடித் தப்ப நேரமில்லை. ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியும் கறுத்த சுவர்கள் ஒரு சொட்டுகூட உள்ளே விடவில்லை. பின்னறைச் சுவர்தான் ஊறிப் பிதுங்கி, செங்கல் இடுக்கெல்லாம் பீய்ச்சியடித்தது. குழந்தையைத் தூக்கி அலமாரிக்கு மேல் கிடத்தி ஒரு கையால் பிடித்துக்கொண்ட மருமகளுக்கு முழங்கால்வரை தண்ணீர். அவள் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"அத்தை, என்னைத் திட்டுங்க!"

"ஸிஃப்த்து, ஸிஃப்த்து..." மாமியாருக்குப் பல் தந்தியடித்தது. சுவர் வெள்ளையாகவே இருந்தது.

"நல்லாக் கோவமாச் சொல்லுங்க!"

"கோவம் எங்கடி வருது? குலையே நடுங்குது."

"உங்க சமையலை நாய்கூட மோந்து பாக்காது."

"அது எனக்கே தெரியுமேடி."

"உங்க பையன் கப்பலேறினதே உங்க வாய்க்குப் பயந்துதான்."

"போகட்டும், அவனாவது பொழைச்சான்." கிழவி அழுதாள். மேல்வரிசையில் ஒரு செங்கல் பெயர்ந்து விழுந்தது, அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் மருமகளின் தோளில் கொட்டியது. குழந்தை வீறிட்டது. மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாமா இந்த ரூம்ல கெடந்தாரே, தாகம் எடுத்தாக்கூட உங்ககிட்டத் தண்ணி கேக்க மாட்டார். என்கிட்ட ரகசியமாக் கேப்பார். 'அவ மூஞ்சியைப் பாக்கறதுக்கு நா வறண்டே செத்துடலாம்'னு சொன்னார்."

கிழவியின் அழுகை நின்றது. பிறகு அவள் வாய் திறந்தது. "ஸிஃப்த்! ஸிஃப்த்துக்குப் பொறந்தவளே! என் புருஷனைப் பத்தி எங்கிட்டயே..." முதல் சொல்லுக்கே மருமகளின் முதுகு சுட்டது. சொல்லச் சொல்லத் தார் உருண்டு வழிந்து இடுக்குகளை அடைத்தது, ஓட்டையை மூடியது, மருமகளின் கூந்தலைச் சுவரோடு ஒட்டியது. கிழவி மூச்சு வாங்க நிறுத்தியபோது வெள்ளை என்று ஒரு விரற்கடை இல்லை. வீடு அடியோடு ஒருமுறை முனகியது, அஸ்திவாரத்தை விட்டுக் கிளம்பியது, தெருவோடு மெதுவாக மிதந்து போனது.

கிழவி கத்திரிக்கோல் கொண்டுவந்து கூந்தலை வெட்டி விடுவித்தாள். வெட்டிக்கொண்டே, சுவரைப் பார்த்துக் கேட்டாள்: "நிஜமாவே சொன்னாராடி?"

"இல்ல அத்தை. உங்க சத்தம் கேக்கலன்னா தூக்கம் வரலம்மான்னுதான் சொல்வார். இந்த ரூமுக்குள்ள வந்தா அவ ஏன் வாயை மூடிக்கிறான்னு கேட்டுக்கிட்டே இருந்தார்."

கிழவி கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

தண்ணீர் வடிந்தபோது வீடு முடிதிருத்தும் கடைக்கு முன்னால், கொஞ்சம் சாய்வாக, உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் இரண்டு நாள் முணுமுணுத்தார், பிறகு கண்ணாடியைத் திருப்பி மாட்டிக்கொண்டார். ஜனங்கள் சுற்றிக்கொண்டு போகப் பழகினார்கள். இப்போதும் மழைக்கு முன்னால் பழைய எதிர்வீட்டுக்காரி அங்கே வந்து மருமகளிடம் கெஞ்சுவாள்: "எங்க மாடி ஒழுகுதும்மா. உங்க அத்தைக்கு நல்லாக் கோவத்தை மூட்டி, ஒரு அரைமணி நேரம் அனுப்பி வையேன்."