குடும்பத்தில் யாருக்காவது

இல்லை, இல்லை, இல்லை என்று பேனா தாளுக்குத் தாள் தாவிக்கொண்டிருக்கிறது, கடைசி எழுத்தை அவள் முழுதாக எழுதுவதுகூடக் கிடையாது, ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறாள், காலை ஏழே முக்கால், மார்பகப் பிரிவின் வெளிநோயாளிக் கூடத்தில் இன்னும் மின்விசிறி போடவில்லை, கம்பிக் கதவுக்கு அப்பால் பெண்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள், உள்ளே ஞானசுந்தரி, எல்லோருக்கும் ஞானம் சிஸ்டர், அன்றைக்கு வரப்போகிற நூற்றிருபது பேருக்கான தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு, யாருடைய பெயரும் இன்னும் ஏறாத அந்தத் தாள்களில், 'குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா' என்ற கேள்விக்கு எதிரே பதிலை எழுதிக்கொண்டே போகிறாள். ஆமாம், ஆள் வருவதற்கு முன்னாலேயே பதில். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கூட்டம் சொல்லிக் கொடுத்தது, நூறு பேரைக் கேட்டால் தொண்ணூற்றைந்து பேர் இல்லை என்றுதான் சொல்லப்போகிறார்கள், பிறகு என்னத்துக்கு ஒவ்வொருத்தியிடமும் மெனக்கெட வேண்டும், எவளாவது தானாக வாய்விட்டு உண்டு என்று சொன்னால் அடித்துத் திருத்திக்கொண்டால் போயிற்று, இப்படியே பதினொரு வருஷம். கெட்டிக்காரி என்று வேறு பெயர். வேகத்துல ஞானம் சிஸ்டரை அடிச்சுக்க ஆளில்லை என்று பெரிய டாக்டர் சொன்னபோது அப்படியே பூரித்துப் போனாளே, சீ, அதை நினைத்தால் இப்போது காதுமடல் வரைக்கும் சுடுகிறது.

இப்போது என்றால், இந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து. அன்றைக்குத்தான் சண்முகக்கனி வந்தாள், ஆறு வருஷத்துக்கு முன்னால் இடது மார்பில் கட்டி என்று வந்து, அறுவை சிகிச்சை, மருந்து, முடி கொட்டி, முடி முளைத்து, பிழைத்து எழுந்து போனவள், வருஷா வருஷம் சோதனைக்கு வரும்போது பை நிறைய முருங்கைக்காய் கொண்டுவந்து மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போகிறவள், இந்தத் தடவை பையோடு தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். உலகம்மை என்று பெயர், முப்பத்தாறு வயது, சேலைத் தலைப்பை மார்போடு சேர்த்துப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. ஏட்டி, இவியதான் நான் சொன்ன சிஸ்டர், இவிய மட்டும் இல்லன்னா அக்காள நீ போட்டாவுலதான் பாத்துருப்ப, என்று சொல்லிச் சண்முகக்கனி சிரிக்கிறாள், உலகம்மை கும்பிடுகிறாள், ஞானமும் சிரித்துக்கொண்டேதான் புதுத் தாளை எடுத்தாள்.

அந்தப் புதுத் தாள் டாக்டர் ஷமீமாவின் வேலை. வந்து மூன்று மாதம்தான் ஆகிறது அந்தப் பிள்ளை, வந்ததும் வராததுமாகப் பழைய தாள்களைக் கட்டுக் கட்டாக இறக்கிப் பார்த்துவிட்டு, பதினோரு வருஷத்துல இந்த ஆஸ்பத்திரியிலேருந்து மரபணு ஆலோசனைக்கு நாம அனுப்பினது ஒன்பது பேர், ஒன்பதே பேர், எப்படி சிஸ்டர், என்று கேட்டது. இரத்தத்தோடு வழிவழியாக வருகிற புற்றுநோய் சில உண்டு, ஒருத்திக்கு மார்பில் வரும், இன்னொருத்திக்கு வயிற்றில் சினைப்பையில் வரும், தாய்வழியிலோ தகப்பன்வழியிலோ அது இருந்தால் அந்த வீட்டுப் பெண்களுக்கு ஒரு இரத்தப் பரிசோதனை, மரபணுவில் பழுது இருக்கிறது என்று தெரிந்தால் வருஷா வருஷம் ஸ்கேன், கட்டி தலைகாட்டும்போதே பிடித்துவிடலாம், ஆனால் அதற்கு யாராவது அந்தப் பிரிவுக்கு எழுதி அனுப்ப வேண்டும், எழுதி அனுப்பத் தாளில் 'உண்டு' என்று இருக்க வேண்டும், 'இல்லை' என்று இருந்தால் எந்த டாக்டரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. நம்ம ஜனங்க எங்கம்மா உண்மையச் சொல்லுதாங்க, எல்லாத்தையும் மறைச்சுருவாங்க, என்று ஞானம் சமாளித்தாள், பழியைத் தூக்கி அவர்கள் தலையில் போட்டாள், எவ்வளவு லேசாக வந்தது அந்தப் பேச்சு! அந்தப் பிள்ளையும் நம்பிவிட்டு, அப்ப மொத்தமா கேக்கக் கூடாது சிஸ்டர், ஒவ்வொருத்தரா கேப்போம், என்று அம்மா, அம்மா கூடப்பிறந்தவர்கள், அப்பா, அப்பா கூடப்பிறந்தவர்கள் என்று வரி வரியாக அச்சடித்துக் கொண்டுவந்துவிட்டது.

ஒங்க அம்மைக்கு என்ன செஞ்சுதும்மா என்று ஞானம் உலகம்மையிடம் கேட்கிறாள், பதில் அக்காவிடமிருந்து வருகிறது, வயித்துல கட்டி சிஸ்டர், நாப்பத்திநாலு வயசுலயே போய்ச் சேந்துட்டா, சின்னம்மை ஒருத்திக்கு மாருல, அவளுக்கு முப்பத்தஞ்சுகூட ஆவல, பெரியம்மைக்கும் வயித்துலதான். ஞானத்தின் பேனா நின்றுவிட்டது. ஏம்மா, அன்னைக்கு இதெல்லாம் நீ சொல்லவே இல்லியே. சண்முகக்கனி கொஞ்சம் யோசித்தாள், குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு கேட்டுருப்பிய, எங்க குடும்பத்துல யாருக்கும் கெடையாதே சிஸ்டர், மாமனாருக்குச் சீனி வியாதி மட்டுந்தான், மாமியாளுக்கு எம்பது வயசாவுது, இன்னும் குத்துக்கல்லாட்டம் இருக்கா. அப்ப அம்மை, சின்னம்மையெல்லாம்? அது பொறந்த வீடுல்லா சிஸ்டர், என்றாள் சண்முகக்கனி, இதுகூடவா தெரியாது என்கிற மாதிரி.

பொறந்த வீடு. ஞானத்துக்கும் அப்படித்தானே, ரேஷன் அட்டையில் இருப்பதுதானே குடும்பம், கட்டிக் கொடுத்த பிறகு அம்மா வீடு என்பது போய்விட்டு வருகிற இடம். டாக்டர் ஷமீமா இதைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டது, சிஸ்டர், இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா, இத்தனை வருஷமா நாம குடும்பம்னு கேட்டோம், அவங்க புருஷன் வீட்டைச் சொன்னாங்க, நீங்கதான் கண்டுபிடிச்சிருக்கீங்க, வெள்ளிக்கிழமை கூட்டத்துல நீங்களே சொல்லணும். ஞானம் தலையாட்டினாள். அப்பாடா என்றுகூட இருந்தது, தப்பு என்னுடையதில்லை, ஒரு சொல்லுடைய தப்பு, தமிழுடைய தப்பு, யாரை என்ன செய்ய முடியும்.

அந்த அப்பாடா ஒரு மத்தியானம்கூடத் தாங்கவில்லை. பழைய தாளை எடுத்துப் பார்க்காமல் இருந்திருக்கலாம், பார்த்துத் தொலைத்தாள், சண்முகக்கனி என்ற பெயர் நீல மையில், ஊர் நீல மையில், வயது நீல மையில், இல்லை மட்டும் கறுப்பில். காலையில் ஆள் வருவதற்கு முன்னால் எழுதுகிற பேனா அது. அப்படியானால் அவளிடம் எந்தக் கேள்வியும் கேட்கப்படவில்லை, குடும்பம் என்றும் கேட்கவில்லை, பொறந்த வீடு என்றும் கேட்கவில்லை, பாவம், கேட்டிருப்பீர்கள் என்று அவளே பெருந்தன்மையாகச் சேர்த்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் கண்ணை மூடினால் கம்பிக் கதவுக்கு அப்பால் அந்தப் பெண்கள், ஆளாளுக்குத் தங்கள் அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அத்தை பெயரை, பெரியம்மை பெயரை, ஞானம் உள்ளேயிருந்து, சத்தம் போடாதீங்க, வரிசைல வாங்க, என்கிறாள், நிஜமாகவே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். புதன்கிழமை உலகம்மையின் ஸ்கேன் வந்தது, மார்பில் இருந்த நோய் கல்லீரல் வரைக்கும் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை பேசினாள். குடும்பம் வேறு, பிறந்த வீடு வேறு என்று சொன்னாள், டாக்டர்மார் எல்லாம் கை தட்டினார்கள், பெரிய டாக்டர் எழுந்து வந்து பொன்னாடை போட்டார், அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது, ஐயா நான் கேட்கவே இல்லை, பதினொரு வருஷமாக எவளையும் கேட்கவில்லை என்று, ஆனால் வெளியே வந்தது என்னவோ ரொம்ப நன்றி ஐயா. இதைவிட ஒரு கேவலம் உண்டா! ஜரிகை கழுத்தில் அரித்துக்கொண்டே இருந்தது, போட்டோவுக்குச் சிரிக்க வேறு சொன்னார்கள், சிரித்தாள்.

கூட்டம் முடிந்ததும் டாக்டர் ஷமீமாவைத் தனியாகக் கூப்பிட்டுத் தாள்களைக் காட்டினாள், கறுப்பு எது, நீலம் எது என்று விரல் வைத்துக் காட்டினாள். அந்தப் பிள்ளை தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, எத்தனை பேர் சிஸ்டர், என்று மட்டும் கேட்டது, ஞானத்துக்குத் தெரியவில்லை, எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும், நீங்கதான் ஃபோன் பண்ணணும், என்றது. சரி என்றாள். ஆனால் முதலில் சொல்ல வேண்டியது ஃபோனில் இல்லை, இரண்டாவது மாடி வார்டில், ஜன்னலை ஒட்டிய கட்டிலில் இருந்தது.

உலகம்மை சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், தூங்குகிற மாதிரிதான் இருக்கிறது, சண்முகக்கனி ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கிறாள், வாங்க சிஸ்டர் என்று எழுந்திருக்கப் போனவளின் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு ஞானம் நின்றுகொண்டே சொன்னாள், சுற்றி வளைக்கவில்லை, கனி, அன்னைக்கு நான் ஒன்னையக் கேக்கவே இல்லம்மா, நீ வாரதுக்கு முன்னாலயே இல்லன்னு எழுதி வச்சுட்டேன், கேட்டுருந்தா இவளுக்கு அப்பவே ரத்தம் பாத்துருப்பாங்க, இவ்வளவு தூரம் முத்த விட்டுருக்க மாட்டாங்க, தப்பு என்னுதுதான். சண்முகக்கனியின் கை நின்றது. ஆரஞ்சைப் பார்த்தாள், தங்கச்சியின் முதுகைப் பார்த்தாள், பிறகு ஞானத்தை, அந்த ஆறு வருஷத்துச் சிரிப்பில் பாதியைத் திரும்ப முகத்தில் கொண்டுவந்து, நீங்க எதுக்கு மனசப் போட்டு ஒழப்புதிய சிஸ்டர், கேட்டுருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன், அப்ப இவளுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருந்தோம், பொறந்த வீட்டுல இப்படி ஒரு சீக்குன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான், கண்டிப்பா இல்லன்னுதான் சொல்லிருப்பேன், என்றாள். ஞானம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், கண் நிறைந்துவிட்டது, கடவுளே, அப்படியென்றால், கேட்டிருந்தாலும் இதேதான் என்றால், ஒரு மூச்சு, ஒரே ஒரு மூச்சு அவளுக்கு நிம்மதியாக உள்ளே போனது.

அக்கா பொய் சொல்லுதா, என்றாள் உலகம்மை, சுவரைப் பார்த்தபடியே. எனக்கு அப்ப கல்யாணம் முடிஞ்சு மூணு வருசம் சிஸ்டர். சும்மா கெடட்டி, என்று சண்முகக்கனி அதட்டினாள், குரல் எழும்பவில்லை. உலகம்மை மெல்லத் திரும்பினாள், கண்கள் வற்றிக் கிடந்தன, ஞானத்தை நேராகப் பார்த்தாள், ஏசவில்லை, அழவில்லை, அக்கா மவ ஒருத்தி காலேஜு படிக்கா, பத்தொம்பது வயசு, எனக்கும் ரெண்டு பொட்டப் புள்ளைய இருக்கு, இப்பமாவது கேளுங்க சிஸ்டர், என்றாள்.

ஞானம் ஒவ்வொருத்தியின் பெயராகக் கேட்டாள்.