இருபத்து மூன்றாவது வயிறு

லூனிங் சுத்தியலை ஓங்கியபோது தோலோரஸ் திரையை விலக்கிக்கொண்டு வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். ஓங்கிய வேகத்தில் சுத்தியல் சுவரில் தொங்கிய அச்சின் ஓரத்தில் பட்டுவிட்டது. வெள்ளைத் துண்டு ஒன்று பெயர்ந்து தரையில் விழுந்து பொடியானது.

"அடிப்பாவி, வெளியே சத்தம் கேக்கும்டி" என்றாள் தோலோரஸ். "அதுவும் இல்லாம, இது என் வயிறு."

திரைக்கு அந்தப் பக்கம் ஜெபமாலை நடந்துகொண்டிருந்தது. ஓரத்து மேசையில், சாவு வீட்டு வழக்கப்படி, சீட்டாட்டம். லூனிங்கின் அம்மா அம்பாரோ மூன்றாம் நாளாகக் கண்ணாடி மூடிய சவப்பெட்டியில் கிடந்தாள். திரைக்கு இந்தப் பக்கம், பலகைச் சுவரில் ஆணி ஆணியாக இருபத்து மூன்று வயிறுகள் தொங்கின.

கோயில்களுக்கு மாதா சுரூபம் செய்யும் பட்டறையில் முப்பது வருஷம் வண்ணம் பூசியவள் அம்பாரோ. சுரூபம் வார்க்கும் அதே சுண்ண மாவில் நவோத்தாஸ் மீன்துறைப் பெண்களின் வயிற்றை அச்செடுக்க ஆரம்பித்தாள். மேலே வெள்ளை. உட்குழியில் அந்தந்தப் பெண்ணே தன் கையால் வரைய வேண்டும், எழுத வேண்டும். மாத்திரை விழுங்கியது, கம்பியால் குத்தியது, கேட்காமல் கருக்குழாயைக் கட்டிவிட்ட ஆஸ்பத்திரி, ஒன்பதாவது பிள்ளை. வயிற்றின் வெளியே பேர் கிடையாது. ஆனால் உள்ளே தேதி இருந்தது. சிலர் பிறக்காத பிள்ளைக்கு வைத்த பேரைக்கூட எழுதியிருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அம்பாரோ அவற்றை உட்குழி வெளியே தெரியத் திருப்பிச் சந்தையில் மாட்டிவைத்து, "பாருங்கய்யா, இது உங்க வீட்டு வயிறுதான்" என்று கத்துவாள். கல் விழும். மறுநாள் இன்னும் இரண்டு பெண்கள் அச்செடுக்க வருவார்கள்.

இந்த ஊர்ச் சட்டத்தில் கருவைக் கலைத்தால் ஆறு வருஷம் ஜெயில்.

வார்டு ஆபீசில் சமையல் செய்யும் தோலோரஸ்தான் காலையில் சேதி கொண்டுவந்தாள். நாலு மணிக்குப் போலீஸ் வருகிறது. அம்பாரோதான் கருவைக் கலைத்தாள் என்று சந்தேகம், மேய்லின் விஷயத்தில். பதினேழு வயசுப் பெண், மீன் பிரிப்பவள். ஐந்து மாதக் கர்ப்பத்தில் ஐஸ்தண்ணீரில் வழுக்கித் தொட்டியோடு விழுந்தாள். அம்பாரோதான் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம், "என்ன மாத்திரை போட்டே, யார் குடுத்தா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரத்தம் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. பெண் செத்துப்போனாள். ஒரு வாரம் கழித்து அம்பாரோவும் மாவு மூட்டை தூக்கும்போது அப்படியே சரிந்தாள்.

"வேற என்ன பண்ணச் சொல்றே?" என்றாள் லூனிங். நூறு கிலோ மீன் தொட்டியை இழுக்கிற அவள் கை சுத்தியலை இன்னும் விடவில்லை. "இதெல்லாம் போலீஸ் கையில கெடைச்சா ஊரே உள்ள போகும்."

"அவங்கவங்க வயித்தை அவங்கவங்க எடுத்துட்டுப் போகட்டும்."

"எப்படி?"

"சாப்பாட்டுத் தட்டுல."

லூனிங் அவளையே பார்த்தாள். சாவு வீட்டுச் சோற்றை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. கொண்டுபோனால் சாவு கூடவே வரும். ஒரு கடலைப்பருப்பு மடியில் ஒட்டியிருந்தால்கூடத் தட்டிவிட்டுப் போகிற ஊர் இது.

"யாரும் வரமாட்டாங்க."

"பாப்போம்" என்று தோலோரஸ் தன் வயிற்றை ஆணியிலிருந்து கழற்றினாள்.

மீன்துறைக்கு ஆள்வழியாகச் சேதி போனது: அம்பாரோ வீட்டில் உன் தட்டு கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள். பன்னிரண்டு மணியிலிருந்து வர ஆரம்பித்தார்கள். ரப்பர் பூட்ஸோடு, செதில் ஒட்டிய கையோடு. பெட்டி முன்னால் சிலுவை போட்டுவிட்டுத் திரைக்குள் நுழைந்தார்கள். மூங்கில் தட்டில் வயிற்றை வைத்து, வாழையிலை போர்த்தி, மேலே நூடுல்ஸைப் பரப்பிக் கொடுத்தாள் லூனிங். யார் கண்ணும் யார் கண்ணையும் பார்க்கவில்லை.

இரண்டு பேர் ஒரே வயிற்றுக்குச் சண்டை போட்டார்கள்.

"இது என்னோடது."

"உனக்கு இந்த இடத்துல மச்சம் எங்கடி இருக்கு?"

"அவுத்துக் காட்டட்டுமா?"

"வேணாம் தாயே, செத்தவ எந்திரிச்சுடுவா."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தி வயிற்றைத் திருப்பி உள்ளே பார்த்தாள். சிரிப்பு நின்றது. "உன்னதுதான்" என்று கொடுத்துவிட்டாள்.

இரண்டு மணிக்கே சந்துமுனையில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றுவிட்டார்கள். ஜன்னல் இடுக்கில் லூனிங் பார்த்தாள். கருவாடு காயப்போடும் சோலெடாட் தட்டோடு போய்க்கொண்டிருந்தாள். ஒருவன் மறித்தான்.

"எழவு வீட்டுச் சோத்தையா வீட்டுக்குக் கொண்டுபோறே? அடுத்த பொணம் உன் வீட்டுலதான்."

அவன் ஒரு விரலால் இலையைத் தூக்கினால் போதும்.

"என் வீட்டுல எட்டு வாய் சார்" என்றாள் சோலெடாட். "சாவு வந்தா வரிசையில நிக்கட்டும். முதல்ல இவங்க சாப்பிடட்டும்."

அவன் சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கினான். துரதிர்ஷ்டம் ஒட்டிவிடும் என்று தட்டைத் தொடக்கூட இல்லை.

மூன்றேமுக்காலுக்குச் சுவரில் ஒன்று மிச்சம். சின்னது. தழும்பில்லாதது. மேய்லினுடையது. சாமார் தீவில் அவளுக்கு ஒரு தாய் இருந்தாள், இங்கே யாருமில்லை. விழுவதற்கு ஒரு வாரம் முன்பு அச்செடுத்தது. உள்ளே முழுக்க நீலம் மட்டும் பூசி, "மீதியை அப்புறம் வரையறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

சந்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

சுத்தியல் மூலையில் கிடந்தது. லூனிங் அதைப் பார்த்தாள். அம்மா ஒரே ஒருமுறை அவளிடம் கேட்டிருக்கிறாள், உன்னை அச்செடுக்கட்டுமா என்று. "எனக்கு இருக்கிறது தொட்டி இழுக்கிற முதுகுதான், வேணும்னா அதை எடு" என்று சொல்லிவிட்டாள் லூனிங். அம்மா அப்புறம் கேட்கவில்லை.

லூனிங் சட்டையைத் தூக்கி, அந்த வயிற்றைத் தன் வயிற்றில் வைத்து, துண்டால் இறுக்கிக் கட்டினாள். மாவு சில்லென்றிருந்தது.

சார்ஜென்ட் தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வேறு பகுதி ஆள், இங்கே யாரையும் தெரியாது. பெட்டிமேல் உள்ளங்கையை வைத்து முணுமுணுத்தார். திரையை இழுத்தார். வெறும் ஆணிகள்.

"தரையில என்ன பொடி?"

"மாதா சுரூபம் செய்யுற மாவு சார். சாவு வீட்டைக் கூட்டக் கூடாதுன்னு அப்படியே கெடக்கு."

"இந்த ஆணியெல்லாம்?"

"சட்டி மாட்டுறது."

"இருபத்து மூணு சட்டியா?"

எண்ணிவிட்டார். சீட்டாட்ட மேசையில் சத்தம் அடங்கிப்போனது. சார்ஜென்ட் திரும்பினார். பார்வை அவள் முகத்திலிருந்து கீழே இறங்கி நின்றது.

"எத்தனை மாசம்?"

"அஞ்சு."

"வயித்துப்பிள்ளைக்காரி பொணத்துக்கிட்ட நிக்கலாமா? புருஷன் எங்க?"

மேசையிலிருந்து இசிங் எழுந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நேற்றுத்தான், "உன்னைக் கட்ட கிரேன்காரன்தான் வரணும்" என்று அவளைக் கேலி செய்தவர். "கப்பல்ல சார். மாப்பிள்ளை எண்ணெய்க் கப்பல்ல. சொன்னா கேக்க மாட்டேங்குறா, அம்மாக்கிட்டயே நிக்குறா."

சார்ஜென்டின் முகம் இளகியது. வயசானவர்கள் செய்வதுபோல ஆசீர்வதிக்கக் கையை நீட்டினார், அவள் வயிற்றை நோக்கி.

லூனிங்கால் பின்னால் நகர முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் பெட்டி.

"ஐயோ சார்!" தோலோரஸ் பாய்ந்து வந்தாள். "பெட்டியைத் தொட்ட கை!"

கை அந்தரத்தில் நின்றது. அவர் வெட்கப்பட்டவர்போல அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். தானே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, "உக்காரும்மா" என்றார். அவள் வளையாமல், நிமிர்ந்தபடியே மெதுவாக உட்கார்ந்தாள். அவர் இன்னொருமுறை ஆணிகளைப் பார்த்தார். "அடக்கம் முடிஞ்சதும் வருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூட்ஸ் சத்தம் சந்துமுனையைத் தாண்டும்வரை யாரும் சீட்டைத் தொடவில்லை.

லூனிங் திரைக்குப் பின்னால் போய்த் துண்டை அவிழ்த்தாள். மாவு இப்போது உடம்புச் சூட்டில் இருந்தது. வியர்வையில் கரைந்து மலிவான அந்த நீலம் அவள் தொப்புளைச் சுற்றி, அடிவயிறு வரைக்கும் வழிந்திருந்தது.

தோலோரஸ் ஒரு குவளைத் தண்ணீரும் துணியும் கொண்டுவந்தாள்.

"துடைச்சுக்கோ."

லூனிங் சட்டையைக் கீழே இறக்கிவிட்டு, குவளையை வாங்கித் தண்ணீரைக் குடித்தாள்.