முன் சீட்டு கேப்டன்

கண் பரிசோதனைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், புள்ளிகளுக்கு நடுவே பன்னிரண்டு தெரிந்தது. "ட்வெல்வ்" என்று யோகேஸ்வரி பட்டென்று சொன்னாள். பிளஸ் டூவில் இயற்பியலில் தொண்ணூற்றேழு வாங்கியவளுக்கு இதெல்லாம் ஒரு பரீட்சையா என்ற மிதப்பு குரலிலேயே இருந்தது.

டாக்டர் ரூத் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். வட்டம் முழுக்கச் சின்னதும் பெரியதுமாகப் புள்ளிகள்.

"இதுல நம்பரே இல்ல மேடம்."

அடுத்த பக்கத்திலும் இல்லை. அதற்கடுத்ததில் ஏதோ வளைவு மாதிரி இருந்தது. மூன்று என்று சொல்லி வைத்தாள். டாக்டர் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை, திருப்பிக்கொண்டே போனார். ஆறாவது பக்கத்தில் யோகேஸ்வரிக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள், இதுவும் சோதனையில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டாள்.

புத்தகத்தை மூடிவிட்டு டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"உனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியலம்மா. பிறவியிலேயே இருக்கறது. மருந்து கிடையாது, கண்ணாடி போட்டாலும் சரியாகாது. பைலட் மெடிக்கல்ல இது ஃபெயில். மறுபரிசோதனைக்கு எழுதிப் போடலாம். ஆனா உனக்கு இது ரொம்ப ஜாஸ்தி, நான் வீணா ஆசை காட்ட மாட்டேன்."

தலையில் இடி விழுந்த மாதிரி என்பார்களே, அப்படியெல்லாம் இல்லை. அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சிவப்பு தெரியாதா? தக்காளி சிவப்பு, இலை பச்சை, இது தெரியாமலா பதினேழு வருஷம் சோறு தின்றாள்? பிறகு பள்ளிக்கூட லேப் ஞாபகம் வந்தது. அங்கே சோதனைக் குழாயில் என்ன நிறம் வந்தது என்று பக்கத்தில் நிற்கும் தோழி ஜெபாதான் சொல்லுவாள், இவள் அதையே நோட்டில் எழுதுவாள். துணிக்கடையில் எப்போதும் அம்மாதான் எடுத்துத் தருவாள். "உனக்கு கலர் ரசனையே இல்லடி" என்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது. சிரிப்பு பாதியிலேயே செத்துப்போனது.

"அப்பா என்ன வேலை செய்யறார்?" என்று டாக்டர் கேட்டார்.

"ஸ்கூல் வேன் ஓட்டறாரு மேடம்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "இது பெரும்பாலும் ஆம்பளைங்களுக்குத்தான் வரும். ஒரு பொண்ணுக்கு வந்திருக்குன்னா, அவ அப்பாவுக்குக் கட்டாயம் இருக்கும். அப்பா வெளிய இருக்காரா? உள்ள கூப்பிடு."

"அவரு வரல மேடம். மாமாகூட வந்தேன்."

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. ஆசை போய் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்காக அழக்கூட ஆரம்பிக்கவில்லை. அதற்குள் வாய் முந்திக்கொண்டு அப்பாவை மறைத்துவிட்டது.

கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் அப்பா பக்தவச்சலம் உட்கார்ந்திருந்தார். மடியில் அரைக் கிலோ மைசூர்பாகு. முடிவு தெரிவதற்கு முன்பே வாங்கி வைத்திருந்தார் மனுஷன்.

"இன்னாம்மா, பாஸா?"

"ரிப்போர்ட்ட மெயில்ல அனுப்புவாங்களாம் நைனா."

"அனுப்பட்டும், அனுப்பட்டும். எம் பொண்ணு கண்ணுக்கு இன்னா கொற?"

திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேன் கிளம்பியது. மாமல்லபுரம் போய் மேற்கே திரும்பினால் திருக்கழுக்குன்றம், வீடு. சொந்த வேன்தான். செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பதினோரு வருஷமாகப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறது. மொத்தம் பதினாறு பிள்ளைகள். முன் சீட்டு மட்டும் அதே பள்ளியில் படித்த யோகேஸ்வரிக்கு. ஏழாம் வகுப்பிலேயே அவள் பைலட் ஆவதென்று முடிவு கட்டியாயிற்று. மொட்டை மாடியில் நின்று, போகிற விமானம் என்ன ரகம், எந்த ஊருக்குப் போகிறது என்று போனைப் பார்க்காமலே சொல்லுவாள். வேன் பிள்ளைகளுக்கு அவள் கேப்டன் அக்கா. பயிற்சிப் பள்ளியில் இடம்கூடக் கிடைத்துவிட்டது, மெடிக்கல் ஒன்றுதான் பாக்கியாக இருந்தது.

இப்போது அவள் அந்த முன் சீட்டில் உட்கார்ந்து, சாலையைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துக்கொண்டு வந்தாள். முதல் சிக்னலில் சரியாக நிறுத்தினார். இரண்டாவதிலும் நிறுத்தினார், சரியான நேரத்தில் எடுத்தார். அவளுக்கு மூச்சு கொஞ்சம் கீழே இறங்கியது. டாக்டரம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிடுமா? அப்பாவுக்கு இல்லையென்றால் தனக்கும் இருக்காது, எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று ஒரு நப்பாசை. மூன்றாவது சிக்னலில்தான் அது உறைத்தது. ஐந்து வயதில் அப்பா சொல்லிக்கொடுத்த பாடம், 'மேல எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சா போ.' சிவப்பு, பச்சை என்ற பேச்சே அதில் கிடையாது.

கோவளம் தாண்டி வடநெம்மேலி பக்கம் சிறுபாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாலையின் ஒரு பாதியை அடைத்துவிட்டார்கள். வண்டிகளை இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் என்று விடுவதற்கு ஒரு ஆள் கொடியோடு நின்றான். முன்னால் போன கார் ஒரு விடுதிக்குள் திரும்பிவிட, வேன்தான் வரிசையில் முதலாவது.

அந்த ஆள் ஒரு கையில் போனை நோண்டிக்கொண்டே குனிந்து கொடியை மாற்றினான். மாற்றினானா, அதே கொடியைத்தான் மறுபடி எடுத்தானா? ஆட்டவும் இல்லை, அசைக்கவும் இல்லை. புழுதி படிந்த ஒரு துணி குச்சியில் தொங்கியது.

பக்தவச்சலம் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார்.

"நைனா, அது இன்னா கொடி?"

"என்னக் கேக்கறியா? நீதான சொல்லணும் கேப்டன்!" என்று சிரித்தார்.

"நெசமாத்தான் கேக்கறேன். செவப்பா, பச்சையா?"

"வெயிலு கூசுதும்மா. நீ பாத்து சொல்லு."

அவள் பார்த்தாள். கண் வலிக்கிற வரைக்கும் பார்த்தாள். சிவப்பு என்று நினைத்தால் சிவப்பாக இருந்தது, பச்சை என்று நினைத்தால் பச்சையாக இருந்தது.

"எனக்குத் தெரியல நைனா."

"வெளாடாத. பின்னால பஸ்ஸு நிக்குது."

"வெளாடல. எனக்கு செவப்பும் பச்சையும் தெரியாதாம். டாக்டரு சொன்னாங்க. மெடிக்கல்ல ஃபெயிலு."

தாளம் போட்ட விரல் அப்படியே நின்றது. பக்தவச்சலம் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். பேயறைந்த மாதிரி இருந்தது முகம்.

"உனக்குமா?"

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. டாக்டர் சொன்னபோது யோகேஸ்வரி பாதி நம்பாமல் இருந்தாள். இனி நம்பாமலிருக்க வழியில்லை.

பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "யோவ், பச்ச காட்டி எவ்ளோ நேரம் ஆவுது! கண்ணு தெர்ல?"

பக்தவச்சலம் வண்டியை எடுத்தார். பாலத்தைத் தாண்டியதும் சவுக்குத் தோப்பு ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

"பத்து வயசுலேர்ந்து தெரியும். வெளிய சொன்னா எவன் வேல குடுப்பான்? லைசென்ஸ் எடுக்கறப்போ எழுத்தப் படின்னாங்க, படிச்சேன். அவ்ளோதான்."

"பதினாறு புள்ளைங்க நைனா."

"பதினோரு வருஷத்துல ஒரு கீறல் கெடையாது யோகி. லைட்டு எந்த எடத்துல எரியுதுன்னு பாப்பேன். முன்னால போறவனப் பாப்பேன். அதுவும் பிரியலன்னா..." நிறுத்தினார். "உன்னக் கேப்பேன்."

"என்னயா?"

"இன்னா லைட்டு கண்ணுன்னு கேப்பேனே. வெளயாட்டுன்னு நெனச்சியா? உன் கண்ண நம்பித்தான் ஓட்டிக்கினு இருந்தேன். பொண்ணுங்களுக்கு இது வராதுன்னு சொல்லிக் கேட்டிருக்கேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கேட்கும்போதெல்லாம் அவள் லைட்டையா பார்த்தாள்? சின்ன வயதிலேயே ஒரு சாமர்த்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அப்பாவின் காலைப் பார்ப்பாள். கால் பிரேக்கை விட்டு எழும்பினால் "பச்ச!" என்று கத்துவாள். எழும்பாவிட்டால் "செவப்பு!" பின்னால் பிள்ளைகள் கை தட்டுவார்கள். கேப்டன் அக்கா ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை என்று அவர்களுக்குப் பெருமை. அவர் இவள் வாயைப் பார்த்தார், இவள் அவர் காலைப் பார்த்தாள். பதினாறு பிள்ளைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு, அந்த நேரங்களில் இரண்டு பேரில் ஒருவர்கூட லைட்டைப் பார்க்கவில்லை.

அதைச் சொன்னபோது பக்தவச்சலம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்பா அழுது அவள் பார்த்ததில்லை. அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் வந்தது. அவரை உலுக்க வேண்டும்போலவும் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.

"உங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. யாராண்டயும் சொல்லாதம்மா," என்றார். "வேன் போச்சுன்னா நமக்கு ஒண்ணுமே இல்ல."

அது பொய்யில்லை. அவளுக்கு ஆகாயம் போனது மாதிரி அவருக்கு ரோடு போய்விடும். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் ஒன்றாவது மிஞ்சும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வழக்கம்போல வேன் கிளம்பும், பிள்ளைகள் ஓடிவந்து ஏறுவார்கள்.

"வூடு வரைக்குமாவது நான் ஓட்டறேன். காலியாத்தான கீது," என்று சாவியில் கை வைத்தார். வைத்த கை திருகவில்லை. "நீ சொல்லு. ஓட்டலாமா?"

"வேணாம் நைனா."

அவர் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து முனிசாமியைக் கூப்பிட்டார். முனிசாமி பக்கத்துத் தெருக்காரர், ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், சின்ன வயதுச் சிநேகிதர். அவருடைய பெண் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் இந்த வேனில், முன் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போகிறாள்.

"மச்சான், வடநெம்மேலியாண்ட நிக்கறேன். வண்டி ஸ்டார்ட் ஆவல. கொஞ்சம் வந்து..."

யோகேஸ்வரி இறங்கிப்போய் அவர் கையிலிருந்து போனை வாங்கினாள். அவர் தடுக்கவில்லை.

"மாமா, நான் யோகி. வண்டிக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் கீது. நைனாவுக்கு செவப்பு, பச்ச பிரிச்சுத் தெரியாது. எனக்கும் தெரியாது, இன்னிக்குத்தான் டாக்டரு சொன்னாங்க. வண்டிய ஓட்ட நீங்க வரணும்."

முனிசாமியின் குரல் வந்தது. அது அவர் குரல் மாதிரியே இல்லை.

"எத்தினி நாளா?"

பக்கத்தில் நின்ற பக்தவச்சலத்துக்கும் அது கேட்டது. கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"பொறந்ததுலேர்ந்து மச்சான்," என்றார்.