நனையாத கைப்பிடி

அந்தக் குத்துச்சண்டைக் கூடத்தில் அவளை எல்லோரும் ஸ்டோர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கையுறை, தலைக்கவசம், ஸ்கிப்பிங் கயிறு எல்லாம் அவள் பொறுப்பு. மற்றதையெல்லாம் கடமைக்குப் பார்த்துக்கொள்வாள். கயிறுகளை மட்டும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள்.

பயிற்சி முடிந்து யாராவது கயிற்றைச் சுருட்டி, கைப்பிடியில் முடிச்சுப் போட்டு மேசையில் விட்டெறிந்தால் போச்சு. "உன் கழுத்தை இப்படித் திருகி வெச்சா நாளைக்கு நேரா நிப்பியா நீ?" என்று பிடித்துக்கொள்வாள். பிளாஸ்டிக் கயிறு மடிந்த இடத்தை மறக்காது. மறுநாள் சுழற்றும்போது அங்கேயே நெளிந்து காலைத் தட்டும். அதனால் சுவரில் பருமனான மர முளைகள் அடித்து, ஒவ்வொன்றையும் நடுவில் பிடித்து நீளமாகத் தொங்கவிடுவாள். அதற்கு முன் ஈரத்துணியால் வியர்வையைத் துடைத்தாக வேண்டும். வியர்வை உப்பு கைப்பிடிக்குள் இறங்கினால் உள்ளே சுழலும் சின்ன இரும்புக் குண்டுகள் துருப்பிடித்துவிடும் என்பது அவள் கவலை. கம்பிக் கயிற்றின் மேலுறை தரையில் உரசித் தேய்ந்து, உள்ளே கம்பி எட்டிப்பார்த்தால் அன்றோடு அது குப்பைக்குப் போகும். அப்படி ஒரு கம்பி ஒரு பெண்ணின் கெண்டைக்காலைக் கீறிப் பிளந்ததை அவள் பார்த்திருக்கிறாள். பருத்திக் கயிறுகளை அலசி, வெயில் படாமல் காயப்போடுவாள்.

"என்னைக்கூட நீ இப்படித் துடைச்சு வெச்சதில்லக்கா" என்பான் அவள் தம்பி.

"நீ அழுக்குன்னா குளிச்சுக்குவ. அதுக்குக் கையா இருக்கு?"

தம்பியும் அங்கேதான் சண்டை பழகினான். அவன் கயிறு சுழற்றினால் கயிறு கண்ணுக்குத் தெரியாது, வண்டு பறக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அதனால் அவன் பெயரே வண்டு என்றாகிவிட்டது. அக்காவின் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனபோது, "என் அக்காவுக்கு இங்க ஏதாவது வேலை போட்டுக் குடுங்க" என்று மாஸ்டரிடம் கெஞ்சி அவளை உள்ளே கொண்டுவந்தவன் வண்டுதான். மாஸ்டர் மறுபேச்சு பேசாமல் ஒத்துக்கொண்டார். அந்த நன்றி அவள் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. மாஸ்டர் முன்னால் அவள் கயிற்றைத் தவிர வேறெதைப் பற்றியும் வாய் திறந்ததில்லை.

பெரிய போட்டி ஒன்று வந்தது. அதில் ஜெயித்தால் வண்டுவுக்கு நிரந்தர வேலை கிடைக்கும் என்று பேச்சு. ஆனால் எடை பார்க்கும் நாளன்று காலையில் தராசில் ஏறினால், முள் அவன் எடைப் பிரிவைத் தாண்டி நின்றது. இரண்டு நாளாக அரைவயிறும் கால்வயிறுமாகக் கிடந்தும் இறங்கவில்லை.

மாஸ்டர் தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு, "பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டுக்கிட்டு பாய்லர் ரூமுக்குள்ள போய்க் குதி. சாயங்காலத்துக்குள்ள தண்ணியா இறங்கிடும். அதுவரைக்கும் ஒரு வாய் தண்ணி கூடாது" என்றார்.

குளியலறைக்கு வெந்நீர் காய்ச்சும் அறை அது. ஜன்னல் கிடையாது. உள்ளே கால் வைத்தாலே மூச்சு முட்டும். அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். ஏற்கெனவே உதடு வெடித்துக் கிடந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வந்தது வேறு.

"அந்தச் சூட்டுல பிளாஸ்டிக் கயிறு இளகிப் போயிடும் மாஸ்டர்."

"அப்ப பருத்திக் கயிறு குடு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அவள் கொடுத்தாள். மரக் கைப்பிடி போட்ட பழைய கயிறு. வண்டு வாங்கிக்கொண்டு கண்ணடித்தான். "முகத்தை ஏன்க்கா இப்படி வெச்சிருக்க? எடை குறையப் போறது எனக்கு. நீ ஏன் இளைக்கிற?"

பருத்தி வியர்வையைக் குடித்துக் கனத்துவிடும், கனத்தால் சுழலாது. அதனால் நடுநடுவே அவன் கதவைத் திறந்து நனைந்த கயிற்றை நீட்டுவான், அவள் உலர்ந்த கயிற்றைக் கொடுப்பாள். முதலில் வந்ததைப் பிழிந்தால் தண்ணீர் ஒழுகியது. அந்தப் பக்கம் வந்த மாஸ்டர் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அடுத்தது ஈரமாக இருந்தது, ஆனால் பிழிய ஒன்றுமில்லை. அதற்கடுத்த கயிற்றை நீட்டும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பஸ் வந்துருச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். அம்மாவை நினைத்துக்கொண்டிருப்பான், வாய் குழறுகிறது என்று அவள் நினைத்தாள்.

அந்தக் கயிற்றைத் துடைக்கத் துணியை எடுத்தவள், அது உலர்ந்தே இருப்பதைக் கண்டாள். கைப்பிடியும் வறண்டு காய்ந்திருந்தது. பரவாயில்லை, இதை அலச வேண்டாம், ஒரு வேலை மிச்சம் என்றுதான் முதலில் தோன்றியது. போய் முளையில் மாட்டினாள். மாட்டிய கை அப்படியே நின்றது.

அந்த நெருப்புக்குள், பிளாஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டு இத்தனை நேரம் குதித்தவனின் கை எப்படிக் காய்ந்திருக்கும்?

ஓடினாள். கதவைத் தள்ளியபோது அவன் இன்னும் குதித்துக்கொண்டிருந்தான். கையில் கயிறு இல்லை, அது தரையில் கிடந்தது. வெறும் கைகளைச் சுழற்றிக்கொண்டு, தரையை விட்டு எழும்பாத கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். தோளைத் தொட்டாள். அடுப்பில் கிடந்த கல்லைத் தொட்டது போலச் சுட்டது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. "டேய், அக்காடா" என்றாள். அவன் அவளை யாரோ போலப் பார்த்துவிட்டுச் சரிந்தான்.

அவள் கத்திய கத்தலில் கூடமே கூடிவிட்டது. பிளாஸ்டிக் உடுப்பைப் பற்களால் கடித்துக் கிழித்தாள். வாளியிலிருந்த தண்ணீரை அவன்மேல் கவிழ்த்தாள். இரண்டு பேர் அவனைத் தூக்கினார்கள். அப்போதுதான் மாஸ்டர், "ஒரு நிமிஷம், தராசுல ஒரு தடவ..." என்று ஆரம்பித்தார். தூக்கியவர்கள் ஒருகணம் தயங்கி நிற்கவும் செய்தார்கள்.

"அவன் செத்துட்டா எந்தப் பிரிவுல சேப்பீங்க?" என்று கேட்டாள் அவள். அவரிடம் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல்முறை.

ஆஸ்பத்திரியில் அவனை ஐஸில் கிடத்தினார்கள். பிழைத்துக்கொண்டான். சிறுநீரகம் மெல்லத் தேறியது. ஆனால் மூளையில் உடம்பை நிலைப்படுத்தும் பகுதி வெந்துபோய்விட்டது என்றாள் டாக்டரம்மா. ஓடிவந்திருந்த அவர்கள் அம்மாவுக்குப் புரியட்டும் என்று வெந்தது என்ற சொல்லையே சொன்னாள். அம்மாவுக்குப் புரிந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள்.

"நடப்பானா?" என்று அக்கா கேட்டாள்.

"பிடிச்சுக்கிட்டு நடக்கலாம். பேச்சு இப்படித்தான் இழுக்கும். பழைய மாதிரின்னு எதிர்பார்க்காதீங்க."

குத்துச்சண்டைச் சங்கத்திலிருந்து விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். பையன் தானாக ஏதோ மாத்திரை போட்டுக்கொண்டான், பாய்லர் ரூமுக்குத் தானாகவே போனான் என்று கூடத்தில் ஒவ்வொருத்தரும் ஒப்பித்தார்கள். வண்டுவோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்களும் தரையைப் பார்த்துக்கொண்டு அதையே சொன்னார்கள். அக்கா நடந்ததை நடந்தபடி சொன்னாள். மாஸ்டர் சொன்னதை, தண்ணீர் கொடுக்காததை, தராசை.

"கயிறு மாத்தி மாத்திக் குடுத்தது யாரு?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

"நான்தான். அதையும் எழுதிக்குங்க."

மாஸ்டரைக் கொஞ்சகாலம் விலக்கிவைத்தார்கள். பிறகு அவர் வேறொரு கூடத்தில் சேர்ந்துவிட்டதாகக் காதில் விழுந்தது. அவளுக்கு அதன்பின் அங்கே வேலை இல்லை. இருந்திருந்தாலும் போயிருக்க மாட்டாள். அட்டைப்பெட்டி ஒட்டும் இடம் ஒன்றில் சேர்ந்தாள்.

ஒருநாள் மாஸ்டர் பழப் பையோடு வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வண்டு கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தான்.

"இப்ப... எடை... ரொம்பக் குறைஞ்சிருக்கு மாஸ்டர்" என்றான், ஒவ்வொரு சொல்லாக இழுத்து. "கீழ்ப் பிரிவுலயே... நிக்கலாம்."

விளையாட்டுக்குச் சொன்னானா, நிஜமாகச் சொன்னானா என்று யாருக்கும் தெரியவில்லை. மாஸ்டர் பையை வைக்க இடம் தேடி, கடைசியில் தரையில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனார். அம்மா அந்தப் பையைத் தொடவில்லை. ஈ மொய்க்கத் தொடங்கியதும் அக்காதான் எடுத்துக் குப்பையில் போட்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைவரை போகப் பழகியிருந்தான். யாரும் கூட வரக் கூடாது என்று பிடிவாதம். ஒரு காலை, அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், பாதி வழியில் கை நழுவித் தடாலென்று விழுந்தான். தூக்க ஓடினாள்.

"தொடாதே!" என்று கத்தினான். கெட்ட வார்த்தையும் வந்தது. வாய் குழறியதில் அது வேறேதோ சொல்லாகப் போய்விட, அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டுத் தரையைக் குத்தினான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

அவள் கைப்பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அவன் பக்கத்தில் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டித் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"வேலைக்கு... லேட்டாகும்" என்றான் முகத்தைத் திருப்பாமலே.

"ஆகட்டும்."

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "என்னடி அங்க சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா. உக்காந்திருக்கோம்."