ஆலைக்கு ஒரு பிரதி

"சும்மா வந்து ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க மேடம்" என்று போனில் ஓர் ஆண்குரல் சொன்னதும் பெய்வெனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டு ஊற்றும் டீயைச் சீனாவின் தைசாங் நகரத்தில் யாரும் தாகத்துக்குக் குடிப்பதில்லை.

ஜெர்மன் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில், சரக்கு தரும் ஆலைகளைச் சோதித்து அறிக்கை எழுதுவது அவள் வேலை. போன வாரம் ஒரு வயர் ஆலையின் விடுதிக் கதவில், வெளிப்பக்கமாகப் பூட்டுத் தொங்கியது. திறக்கச் சொன்னாள். உள்ளே நாட்டின் மேற்குக் கோடியிலிருந்து வேலைக்கென்று ஏற்றிவரப்பட்ட சிறுபான்மை இனப் பெண்கள். மேற்பார்வையாளன் போன் பேச நகர்ந்த இரண்டு நிமிடத்தில் ரெய்ஹான் என்றொருத்தி மட்டும் வாயைத் திறந்தாள்.

"அக்கா, வீட்டுக்குப் போறேன்னா அடையாள அட்டையைத் தர மாட்டேங்கறாங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, கொன்னுடுவாங்க."

பெய்வென் பெயரை எழுதவில்லை. ஏழாம் எண் கட்டில் என்று மட்டும் எழுதினாள். ஜெர்மன்காரர்களுக்கு எதற்கும் ஓர் எண் வேண்டும், இல்லாவிட்டால் நம்ப மாட்டார்கள்.

அறிக்கை இன்னும் ஜெர்மனிக்கே போகவில்லையே, போலீசுக்கு எப்படித் தெரிந்தது? மேலாளர் உல்ரிஷின் அறைக்கு ஓடினாள்.

"ஆலைக்காரங்களுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். குற்றம் சொல்றோம்னா அவங்க பக்கத்தையும் கேக்கணுமில்லையா? அதுதானே நியாயம்?"

"கட்டில் நம்பரோடயா?"

"முழுசாத்தான். மறைச்சு அனுப்பினா நல்லாவா இருக்கும்?"

நியாயமாம், நியாயம்! இவருக்கென்ன, நாளைக்கே விமானம் ஏறலாம்.

"அந்தப் பொண்ணைக் காட்டிக் குடுத்துட்டீங்க உல்ரிஷ்."

அவர் முகம் வெளுத்தது. "வக்கீல்கிட்ட பேசறேன்" என்றார்.

போலீஸ் ஸ்டேஷனில் டீ ஊற்றிய அதிகாரி அவ்வளவு மரியாதையாகப் பேசினார். பெய்வென் கோப்பையைத் தொடாமல் தள்ளி வைத்தாள்.

"ஏழாம் கட்டில்காரியும் பக்கத்து ரூம்லதான் இருக்கா மேடம். இந்தப் பொய் யாரு சொன்னது? அவளா, நீங்களா?"

அந்தப் பெண் தப்பித்தால் போதும் என்றிருந்தது.

"அவ ஒண்ணுமே சொல்லல. நானாத்தான் கதை கட்டினேன்."

நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி அதன் பக்கத்திலேயே இன்னொரு தாளை வைத்தார். அதிலிருந்த பெருவிரல் ரேகையில் மை காயவில்லை.

"அவளும் இதையேதான் சொன்னா. அக்கா மேல தப்பில்ல, நான்தான் பொய் சொன்னேன்னு. ஆக, ரெண்டு பேருமே ஒத்துக்கிட்டீங்க."