மைக்கில் கொடுத்த வேலை

அந்தப் பெரிய கட்டடச் சாமான் கடையின் மேனேஜருக்குத் தொண்டை என்று ஒன்று இருந்ததே வீண். மைக் இல்லாமல் அவருக்குப் பேச வராது. கல்லா மேசையில் ஒரு மைக், மாடிப்படித் திருப்பத்தில் இன்னொன்று. குழாய்ப் பிரிவு ஆள் எங்கே தொலைந்தார் என்று அவர் கேட்டால், தெருமுனைச் சலூனில் சவரக்கத்தி பாதிக் கன்னத்தில் நிற்கும். தும்மினாலும் மைக்கில்தான் தும்முவார். அவருக்குச் சளி பிடித்த வாரத்தில் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் தூங்கவே இல்லை.

எதிர்ச்சாரியில் இருந்த சின்னக் கடையில் பெயிண்ட் கலந்து கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணை எல்லோரும் பெயிண்டக்கா என்றே கூப்பிடுவார்கள். ஒரு நாள் அவள் கதவுக் கீல் வாங்கப் பெரிய கடைக்குள் நுழைந்தபோது மைக் அவளைப் பிடித்துக்கொண்டது.

"எதிர்க்கடை பெயிண்டக்கா கல்லாவுக்கு வரவும். வர்ற ஒண்ணாந்தேதிலேருந்து நம்ம பெயிண்ட் பிரிவுக்கு இவங்கதான் பொறுப்பு. எல்லாரும் கை தட்டுங்க."

சிமெண்ட் வாங்க வந்தவர்கள்கூடக் கை தட்டியதில் கடை முழுக்கப் புழுதி கிளம்பியது. மைக்கிலேயே சம்பளத்தையும் சொல்லி, பழைய வேலையை இன்றைக்கே விட்டுவிடும்படியும் சொன்னார் மேனேஜர். எழுதிக் கொடுங்கள் என்று பெயிண்டக்கா கேட்டதற்கு அவர் சிரித்த சிரிப்பும் மைக்கில் போனது. இந்தக் கடையில் பேப்பர் கீப்பர் எல்லாம் கிடையாது, முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே மைக்கில் சொன்னால் வேலை கொடுத்த மாதிரிதான் என்றார். அது பொய்யில்லை. அங்கே மூட்டை தூக்குகிறவரிலிருந்து கணக்குப்பிள்ளை வரை எல்லோரும் காற்றில் வந்து வேலையில் உட்கார்ந்தவர்கள்தான்.

வீட்டில் அவள் கணவர் ஏணியிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடந்தார். அவர் எலக்ட்ரீஷியன். அவர் எழுந்து நடக்கும்வரை அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்தான். சம்பளம் கூடுதல் என்பதால் அவள் பழைய வேலையை அன்றே விட்டாள். பழைய முதலாளி கோபத்தில் மறுநாளே தன் மச்சானை அவள் ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டார்.

ஒன்றாம் தேதி இஸ்திரி போட்ட உடையில் போய் நின்றால், பெயிண்ட் பிரிவில் மேனேஜரின் சகலை உட்கார்ந்திருந்தார். பச்சை எது, நீலம் எது என்று டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்துத்தான் சொல்லக்கூடிய மகானுபாவர். மேனேஜர் அவளை ஓரமாக அழைத்துப் போய், வாழ்க்கையில் முதன்முறையாக மைக் இல்லாமல் பேசினார். கொசு மாதிரி ஒரு குரல்.

"நான் எப்பம்மா சொன்னேன்? எழுத்துல ஏதாச்சும் இருக்கா?"

விட்டுத் தொலை என்றார் கணவர். இந்தக் கொசுவுக்குப் பயந்து விட்டுத் தொலைப்பதற்கு அவள் தயாராக இல்லை. தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாயால் கொடுத்த வேலையும் வேலைதான், அதை நம்பிப் பழைய வேலையை விட்டவளை அவ்வளவு லேசில் உதற முடியாது, ஆனால் சொன்னார் என்பது நிரூபணமாக வேண்டும் என்றார்.

சாட்சிக்கா பஞ்சம் என்று பெயிண்டக்கா கடை ஆட்களைத் தேடிப் போனாள். ஊரே கேட்ட அறிவிப்பு, மைக்குக்கு அடியிலேயே நின்றவர்களுக்குக் கேட்கவில்லையாம். குழாய்ப் பிரிவு ஆளுக்கு அன்றைக்கு இரண்டு காதும் அடைத்திருந்ததாம். கணக்குப்பிள்ளை மைக் என்றால் என்ன என்று கேட்காததுதான் பாக்கி.

விசாரணைக்கு மேனேஜர் முதலாளியையும் கூட்டிக்கொண்டு வந்தார். கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"எழுத்துல இல்லாத வேலை, வேலையே இல்லைங்க மேடம்."

சொன்னது அவருக்கே ருசித்துவிட்டது போலிருக்கிறது. இன்னும் இரண்டு தடவை சொன்னார். அதிகாரியம்மா குறித்துக்கொண்டார்.

பெயிண்டக்கா கேட்டாள்: "சார், உங்களுக்கு மேனேஜர் வேலையை எந்தப் பேப்பர்ல எழுதிக் கொடுத்தாங்க?"

முதலாளி மெதுவாகத் திரும்பி, விற்காத சரக்கைத் திருப்பி அனுப்பலாமா என்று பார்ப்பது மாதிரி மேனேஜரைப் பார்த்தார்.

"மேடம், அப்போ இவரை நான் இன்னிக்கே அனுப்பிட்டா, இவரால ஒண்ணும் கேக்க முடியாதுங்களா?" அந்தக் கேள்வியில் கொஞ்சம் ஆசையே தொனித்தது.

"இவர் சொல்றதைப் பார்த்தா, இவர் உங்க ஆளே இல்லையே," என்றார் அதிகாரியம்மா.

கால்மேல் இருந்த கால் தானாக இறங்கியது. "வாய்வார்த்தையும் வார்த்தைதானேங்க மேடம்," என்றது கொசு.

"அப்போ இந்தம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"கேக்கலை."

"சொன்னேங்க, சொன்னேன்." இந்தத் தடவை வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மைக் இல்லாமலும் அந்தத் தொண்டை வேலை செய்யத்தான் செய்தது.

மறுநாள் சகலை ஆணி மூட்டைகளுக்கு இடம் மாறினார். எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே வருவேன் என்று பெயிண்டக்கா கடை வாசலிலேயே நின்றாள். முதலாளி முனகிக்கொண்டே பேனாவை எடுத்தார். அவள் பேப்பரை வாங்கி மடித்துக்கொண்டு திரும்பினால், பின்னால் வரிசை. குழாய்ப் பிரிவு ஆள், கணக்குப்பிள்ளை, மூட்டை தூக்குகிறவர்கள், எல்லோருக்கும் ஒரே ராத்திரியில் காது திறந்துவிட்டிருந்தது. ஆளுக்கொரு பேப்பர் வேண்டுமாம்.

வரிசையின் கடைசியில் மேனேஜர், வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.